வலது பக்கத்தில் இடமில்லை

மத்தியானம் இரண்டரை மணி. ஆகஸ்ட் மாதம். ஆற்றங்கரை மேட்டின்மேல் போகும் ரோடு...

யாரும் சிரிக்க வேண்டாம். பேய்க் கதை என்றால் நடுராத்திரியில்தான் தொடங்க வேண்டும் என்று சட்டமா? நம் பக்கத்து ஆகஸ்டில் மத்தியான நேரத்தைப் போல ஆளரவமற்ற நேரம் வேறு உண்டா? கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கும். நாய்கூட நிழலை விட்டு வராது. நம் போ நதியின் கரைமேல் அந்த ரோட்டில் ஒரே ஒரு கார். சிவப்பு. எண்பதுகளில் செய்த பந்தயக் கார் ஜாதி, இரண்டே இருக்கை. கண்ணாடி முழுக்க ஏற்றியிருக்கிறது. ஏசி ஓடுகிறது. உள்ளே ஒரே ஆள்.

அப்படித்தான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

"ஆரம்பிச்சுட்டான்யா!" என்றான் வைனர். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்."

இருண்டதா? பட்டப்பகல் என்றுதானே சொன்னேன். உட்கார், வைனர். இந்த மூடுபனியில் வண்டியை எடுத்தால் நீ வாய்க்காலில்தான் போய் நிற்பாய். ஓண்டினா, உன் ஒயின் கடை அடுப்பில் இன்னும் ஒரு கட்டை போடு. எல்லாரும் கிட்டே வாருங்கள். கத்திச் சொல்லும் கதை இல்லை இது... ஏன் என்று முடிவில் தெரியும்.

ஓட்டினவன் லோரிஸ். என் சிநேகிதன் எர்மெஸ் இருக்கிறானே, அவனுடைய அக்கா புருஷன். பாலத்துக்கு அந்தப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் அதே லோரிஸ்தான். போன வருஷம் பன்றி அடித்த விருந்தில் இதே மேஜையில் உட்கார்ந்து பாதிரியாரைப் பாடாய்ப் படுத்தினானே... "நரகத்துல ரொம்ப சூடாமே சாமி, ஒரு ஏசி போட்டுத் தரவா?" என்று. நீங்களும் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். நம் ஊரில் சாமியைத் திட்டாதவனுக்கு ஒயின் இறங்காது.

அந்தச் சிவப்புக் கார் அவனுடையது இல்லை. மாந்தோவா பக்கத்தில் தார்சீசியோ என்று ஒரு கிழவர். கல்யாணமாகாதவர், பூசை தவறாதவர். அவர் போய்ச் சேர்ந்த பிறகு அண்ணன் மகன் எஜீடியோ காரை விற்கக் கிளம்பினான். இன்ஜின் கிண்ணென்று இருந்தது. பெயிண்ட் பளபளத்தது. ஏசி மட்டும் செத்துக் கிடந்தது. லோரிஸ் பார்த்தான், அவன் கண் விரிந்தது. "ஏசியை நான் சும்மாவே சரிபண்ணித் தர்றேன். ஒரே ஒரு நாள் வண்டியை எனக்குக் குடு" என்றான்.

எதற்கு என்றால், ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை அவன் மகள் இலேனியாவுக்குக் கல்யாணம். ஒரே பிள்ளை. குட்டியாக இருந்தபோது பட்டறையில் டயர்மேல் உட்கார்ந்துகொண்டு, சிவப்புக் காரில்தான் கல்யாணத்துக்குப் போவேன் என்று அடம்பிடித்தவள். அந்த ஆசை அவளைவிட அப்பனுக்குத்தான் அதிகம் ஊறிப்போயிருந்தது. ஆனால் அந்த வெயிலில், அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள், அத்தனை பெரிய வெள்ளை கவுனோடு பெண்ணை உட்காரவைத்தால் வெண்ணெயாக உருகிவிடுவாள். அதனால் ஏசி ஓடியே தீர வேண்டும்.

திறந்து பார்த்தான்.

முதலில், கம்ப்ரசர் பெல்ட் இல்லை. அறுந்து போகவில்லை... யாரோ கழற்றியிருக்கிறார்கள். அடுத்தது கேஸ் குழாய். அதில் ஓட்டை எதுவும் இல்லை. குறடு வைத்து நசுக்கி, மடித்து, மடித்த இடத்தை மறுபடி நசுக்கியிருந்தது. அன்றைக்குச் சாயந்தரம் எர்மெஸிடம் சொல்லியிருக்கிறான். "மாப்ளே, ஒழுகுற குழாய எத்தனையோ பாத்திருக்கேன். கழுத்த நெரிச்ச குழாய இப்பதான் பாக்குறேன். கிழவன் சரியான கஞ்சப்பய, பெட்ரோல் மிச்சம் புடிச்சிருக்கான்."

மூன்றாவது... கூலிங் காயில் பெட்டி. அது அந்தக் காரில் வலது பக்கம், பக்கத்து இருக்கைக்காரரின் முழங்காலுக்கு நேரே, டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கிறது. தலைகீழாகப் படுத்துக் கையை உள்ளே விட வேண்டும். விட்டான். காய்ந்த இலையும் குச்சியுமாக ஒரு பொதி. பழைய கார் என்றால் எலிக்கூடு சகஜம். கை கையாக அள்ளி வெளியே போட்டான். அப்போது அவன் பெண்டாட்டி டியன்னா காப்பி கொண்டுவந்தாள். குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்தாள்.

"யோவ், இது ஒலிவ இலை."

"எந்த இலையா இருந்தா என்ன? எலிக்கு மெத்தை."

"நம்ம பக்கம் ஒலிவ மரம் எங்கய்யா இருக்கு? எலி என்ன, குருத்தோலை ஞாயிறு பூசைல ஓலைக்குப் பதிலா குடுக்குற கொப்ப வாங்கிட்டு வந்துச்சா?"

"போயிருக்கும். பக்தியுள்ள எலி."

ஒவ்வொரு கொப்பிலும் சிவப்பு நூல் கட்டியிருந்தது. மேலே இருந்தவற்றில் இன்னும் கொஞ்சம் பச்சை. அதற்குக் கீழே பழுப்பு. அடியில் இருந்ததெல்லாம் தொட்டால் பொடி. வருஷத்துக்கு ஒன்றாக, ஒன்றின்மேல் ஒன்றாக, ஏசி வென்ட் வழியாக யாரோ உள்ளே திணித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். டியன்னாவுக்கு முகம் மாறிவிட்டது. "மந்திரிச்ச கொப்புய்யா. குப்பையில போடக் கூடாது. எரிக்கணும்" என்றாள்.

"சாமி இல்லங்குற நம்ம கட்சி ஆபீஸ்ல போய்ச் சொல்லவா, லோரிஸ் பெண்டாட்டிக்குப் பக்தி முத்திடுச்சுன்னு?" என்று கேட்டுவிட்டு அத்தனையையும் பையில் கட்டித் தெருவில் வைத்தான். மறுநாள் காலையில் குப்பை லாரி வந்து எடுத்துக்கொண்டு போனது.

எடுத்துக்கொண்டு போனது... அவ்வளவுதான்.

புதுக் குழாய் போட்டான். புது வாஷர், புது பெல்ட். இனி கேஸ் நிரப்ப வேண்டும். அதற்கு முன்னால் பம்பை மாட்டிக் குழாயில் இருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்து, வால்வை மூடி, கேஜ் முள்ளைப் பார்ப்பார்கள். முள் அசையாமல் நின்றால் நல்லது. எங்காவது ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே போகும், முள் ஏறும். ஏறினால் ஏறியதுதான். தானாக இறங்காது. இறங்க வழியே இல்லை.

லோரிஸ் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, தர்ப்பூசணியை வெட்டித் தின்றபடி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தான். முள் மெல்ல ஏறியது. 'சே, எங்கேயோ ஒழுகுது' என்று எழுந்தான்.

முள் இறங்கியது.

நின்று பார்த்தான். ஏறியது... இறங்கியது. ஏறியது... இறங்கியது. பம்பு ஓடவில்லை. வால்வு மூடியிருக்கிறது. வேறு கேஜ் மாட்டினான். அதிலும் அதே. எவ்வளவு நேரம் பார்த்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. திடீரென்று ஒன்று உறைத்தது... அந்த முள் ஏறும்போது அவனும் மூச்சை இழுக்கிறான். இறங்கும்போது விடுகிறான். கேஜைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வெளியே வந்து வெயிலில் நின்றான்.

வைனர், இப்போது சிரி பார்க்கலாம்.

கேஜ் கோளாறு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். கேஸ் நிரப்பினான். கூடவே அந்தப் பச்சைச் சாயத்தையும் விட்டான். குழாயில் எங்காவது ஊசிமுனைக் கசிவு இருந்தாலும் சாயம் வெளியே வந்துவிடும். வெறுங்கண்ணுக்குத் தெரியாது, ஊதா விளக்கை அடித்தால் பச்சையாக எரியும். விளக்கை அடித்துப் பார்த்தான், முன்னும் பின்னும், மேலும் கீழும். ஒரு பொட்டுப் பச்சை இல்லை. சாயம் உள்ளே பத்திரமாக இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகுதான் அந்த மத்தியானம். அந்த ரோடு.

ஏசி அருமையாக வேலை செய்தது. கொஞ்ச தூரத்திலேயே கை சில்லிட்டது. லோரிஸ் விசிலடித்துக்கொண்டு ஓட்டினான். அப்புறம் ஒரு வாசனை... ஆற்றுச் சேற்று வாசனை. அதற்குமேல் லேசாக வயலட் பூ, பழைய காலத்துப் பவுடர் டப்பாவைத் திறந்தால் வருமே, அது. காயிலில் பூஞ்சை பிடித்திருக்கும் என்று நினைத்தான். ஆனால் அவன் முகத்தில் வியர்வை. வலது கைதான் விறைக்கிறது. வலது பக்கத்துக் குளிர் இடது பக்கம் வரவே இல்லை.

ஏசியை அணைத்தான். டக். கம்ப்ரசர் நின்றது. இடது வென்ட் ஓய்ந்தது.

வலது வென்ட் ஓயவில்லை... வீசியது... நின்றது... வீசியது.

வண்டியை நிறுத்தி இறங்கினான். சுற்றி வந்தான். வலது பக்கக் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. உள்ளங்கை அளவு வட்டம். ஏசி ஓடிய வண்டியில் கண்ணாடிக்கு வெளியேதான் ஆவி படியும், உள்ளே காற்று உலர்ந்துபோய்விடும். விரலால் துடைத்தான். போகவில்லை. உள்பக்கம் படிந்த ஆவி அது. உட்கார்ந்திருக்கும் ஆளின் வாய் உயரத்தில். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வட்டம் சுருங்கியது... விரிந்தது.

நின்ற இடத்திலிருந்தே எஜீடியோவுக்கு போன் போட்டான்.

"உங்க சித்தப்பா ஏசிய ஏன்யா அடச்சு வெச்சாரு?"

"எனக்கென்ன தெரியும்? குருத்தோலை ஞாயிறு பூசை முடிஞ்சா ஷெட்டுக்குள்ள போய்க் கதவ சாத்திக்குவாரு. என்ன செய்வாருன்னு தெரியாது. வலது பக்கம் மட்டும் யாரையும் ஏத்த மாட்டாரு. சின்னப் பையனா நான் அழுதுருக்கேன், சித்தப்பா ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்கன்னு."

"என்ன சொல்லுவாரு?"

"'அங்க இடமில்ல'ம்பாரு."

கல்யாணத்துக்கு இன்னும் ஓரிரு நாள்தான். வேறு காரில் கூட்டிப்போனால் என்ன என்று கேட்பீர்கள். எர்மெஸும் கேட்டான். "ஊர் முழுக்கச் சொல்லியாச்சு மாப்ளே. ஏன் மாத்துனேன்னு கேட்டா என்ன சொல்லுவேன்? பேய்க்குப் பயந்தேன்னா?" என்றான் லோரிஸ். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? நாம்தான் சும்மா விட்டிருப்போமா? இந்த மேஜையில் நாம் சிரிக்கும் சிரிப்புக்குப் பயந்துதான் அவன் மகளை அதில் ஏற்றினான். என் கிளாஸை நான் இன்னும் தொடவில்லை, பாருங்கள்.

இருந்தாலும் சும்மா ஏற்றவில்லை. கல்யாணத்தன்று காலையில் கம்ப்ரசர் பெல்ட்டைக் கத்தியால் அறுத்துப் பையில் போட்டுக்கொண்டான். பெல்ட் இல்லாமல் ஏசி ஓடாது. வெயிலில் வியர்த்தாலும் பரவாயில்லை என்று முடிவுகட்டினான். டியன்னா உள்ளே போனாள். கட்டிலுக்கு மேலே மாட்டியிருந்த கட்சித் தலைவர் படத்தைத் திருப்பினாள். பின்னால் ஒரு ஒலிவக் கொப்பு செருகியிருந்தது.

"எத்தன வருஷமா?" என்றான் லோரிஸ்.

"கல்யாணமான நாள்லேர்ந்து. வருஷா வருஷம் மாத்துவேன். எடுத்துட்டுப் போ, பேசாத."

வலது வென்ட்டில் அதைச் செருகினான். குச்சி நுனி கொஞ்சம் வெளியே தெரிந்தது.

இலேனியா வந்து உட்கார்ந்தாள். கவுன் காருக்குள் அடங்கவில்லை. ஆனால் எத்தனை சந்தோஷம் அந்தப் பெண்ணுக்கு! கரை ரோட்டில் போகிறார்கள். அவளுக்கு நெற்றியில் வியர்வை.

"அப்பா, ஏசி?"

"மக்கர் பண்ணுது கண்ணு. கொஞ்ச தூரம்தான்."

"ரெண்டு மாசம் இதையே கட்டிக்கிட்டு அழுதீங்களே! மெக்கானிக் வீட்டுக் கல்யாணம்னா இப்படித்தான்." சிரித்தாள். விசிறிக்கொண்டாள். வென்ட்டைத் திருப்பிப் பார்த்தாள். "அட, இங்க பாருங்க, குப்பை அடச்சிருக்கு."

லோரிஸ் திரும்புவதற்குள் கொப்பை உருவி ஜன்னல் வழியாக எறிந்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. லோரிஸ் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அது என்னவென்று எப்படித் தெரியும்?

அவன் பிரேக்கை மிதித்தான். மிதித்து முடிப்பதற்குள் அவள் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டு, "ஆ... இப்பதான் ஜில்லுனு வருது" என்றாள்.

பெல்ட் அவன் பையில் இருந்தது. தொட்டுப் பார்த்தான். இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவளே மறுபடி சொன்னாள், மெதுவாக. "போதும்ப்பா, குறைங்க. முதுகெல்லாம் குளிருது." மீதித் தூரம் அவன் எப்படி ஓட்டினான் என்று அவனுக்கே தெரியாது.

நகராட்சி மண்டபத்தில் மேயர் கல்யாணத்தை நடத்திவைத்தார். அரிசி போட்டார்கள், கைதட்டினார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. லோரிஸுக்கு மூச்சு வந்தது. சாயந்தரம் விருந்து, பாட்டு. நடனம் தொடங்கியதும் பாட்டுக்காரப் பையன்கள் வெள்ளை விளக்கை அணைத்து ஊதா விளக்கைப் போட்டார்கள். எல்லாருடைய சட்டையும் நீலமாக ஜொலித்தது. நடுவில் இலேனியாவின் கவுன் நிலா மாதிரி...

கவுனின் வயிற்றுப் பக்கத்தில் பச்சையாக இரண்டு கைகள்.

விரல் விரலாகத் தெரிந்தது. இடுப்பின் இரண்டு பக்கமும் பின்னாலிருந்து சுற்றி வந்து, முன்னால் ஒன்றோடொன்று கோத்திருந்தது. மடியில் குழந்தையை உட்காரவைத்தால், விழுந்துவிடாமல் அணைத்துப் பிடிப்போமே... அப்படி.

'அங்க இடமில்ல.' கிழவர் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் லோரிஸுக்குப் புரிந்தது. கையிலிருந்த கிளாஸ் விழுந்தது. மற்றவர்கள் யாரோ குறும்புக்காரன் பெயிண்ட் பூசிவிட்டான் என்று சிரித்தார்கள். மாப்பிள்ளைகூடச் சிரித்தான்.

இலேனியா தேனிலவுக்குக் கடலோரம் போய் வந்தாள். தினமும் உப்புத் தண்ணீரில் குளித்திருக்கிறாள். திரும்பி வந்த அன்று, சாப்பாட்டு மேஜையில் லோரிஸ் ஏதோ தேடுவதுபோல விளக்கை அணைத்துவிட்டு ஊதா விளக்கை அடித்தான். அன்றைக்கு அவள் போட்டிருந்தது வேறு உடை. கைகள் இருந்தன. இடுப்பில் இல்லை. விலாவில்.

இப்போது அவளுக்கும் தெரியும். கோடையெல்லாம் போய் டிசம்பர் வந்துவிட்டது, அவளுக்கு முதுகுக் குளிர் போகவில்லை. "பின்னால யாரோ சாஞ்சு உக்காந்திருக்காங்கப்பா" என்கிறாள். காரை எஜீடியோவிடம் விட்டு, அதில் ஒலிவக் கொப்பைத் திணித்துப் பார்த்தார்கள். என்ன பிரயோஜனம்? அது இப்போது காரில் இல்லையே. லோரிஸ் பாதிரியாரிடமும் போனான்... ஆமாம், லோரிஸ்தான், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. அவர் சிரிக்கவில்லை. பூந்தொட்டி ஒலிவச் செடியில் ஒன்றை வெட்டி மந்திரித்துக் கொடுத்தார். அது ஒன்றும் செய்யவில்லை. குருத்தோலை ஞாயிற்றுக் கொப்பாக இருந்தால்தான் கேட்கிறது. தலையணைக்கடியில் வைத்தால் அன்று ராத்திரி கைகள் நகர்வதில்லை. விடிந்து பார்த்தால் கொப்பு கரியாகிக் கிடக்கும். கிழவருக்கு ஒரு வருஷம் தாங்கியது. இவர்களுக்கு ஒரு கொப்புக்கு ஒரு ராத்திரி.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் பூசைக்குப் போகிற வீடுகளில் எல்லாம் கேட்டு வாங்கித் தீர்த்தாயிற்று. நேற்று கையில் ஒன்றும் இல்லை. காலையில் டியன்னா விளக்கை அடித்துப் பார்த்திருக்கிறாள். விரல்கள் கழுத்தைச் சுற்றி வந்துவிட்டன. முன்னால் இரண்டு கையின் விரல்நுனிக்கும் நடுவில் விரற்கடை அளவுதான் இடைவெளி. குருத்தோலை ஞாயிறு ஏப்ரலில்.

அதனால்தான் இந்தப் பனியில் இங்கே வந்தேன். எனக்குத் தெரியும், இங்கே யாரும் பூசைக்குப் போவதில்லை. யாரும் எதையும் நம்புவதில்லை. ஆனால் உங்கள் வீட்டில் ஏதாவது படத்துக்குப் பின்னால்... பெண்டாட்டிக்குத் தெரியாமல், புருஷனுக்குத் தெரியாமல்...

ஓண்டினா எழுந்தாள். ஒயின் அலமாரியில் மேல் தட்டிலிருந்த கோப்பையை எடுத்துக் கவிழ்த்தாள். காய்ந்த கொப்பு ஒன்று மேஜைமேல் விழுந்தது.

"வாடிக்கைக்காரங்க கேலி பண்ணுவீங்களேன்னுதான்..." என்றாள்.

வைனர் யாரையும் பார்க்காமல் பர்ஸைத் திறந்தான். உள்ளே இருந்து இரண்டு இலையோடு ஒரு சின்னக் குச்சி. "எங்கம்மா வெச்சது. நான் எடுத்துப்போட மறந்துட்டேன், அவ்ளோதான். சரி, எங்க அந்தப் பொண்ணு? யார்கிட்ட குடுக்கணும்?"

வெளியேதான் இருக்கிறாள். லோரிஸின் வேனில், அப்பன் பக்கத்தில். அவளைத் தனியாக விட யாருக்கும் தைரியமில்லை. லோரிஸுக்கு உள்ளே வந்து உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்க வெட்கம். அதனால்தான் என்னை அனுப்பினான்.

ஜன்னலைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். நம் வாசல் விளக்குக்குக் கீழேதான் நிற்கிறது, பனியிலும் தெரியும். ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்திருப்பது லோரிஸ். வலது பக்கக் கண்ணாடியைப் பாருங்கள்... இலேனியாவின் மூச்சு படிந்த வட்டம்.

நான் இறங்கி வந்தபோது ஒன்றுதான் இருந்தது. இப்போது அதற்குச் சற்று மேலே, சற்றுப் பின்னால்... இன்னொன்று தெரிகிறதா?